எத்தனை விரல்?

என் வீட்டு மகாராணிக்கு,

நீ நச்சரித்தபடியே இன்று அந்த மீசை முளைக்காத டாக்டரிடம் போனேன். "எத்தனை விரல் சார்?" என்றார். "ரெண்டு!" என்றேன். "நான் இன்னும் கையத் தூக்கவே இல்லையே!" என்றார்.

கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடி, ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதி நான் விழும்போதெல்லாம், அணி வைத்தியர் கிளெம் இரண்டு விரல்தான் காட்டுவார். உடனே திரும்பவும் ஆட அனுப்ப வேண்டுமே! அணிக்கே மனப்பாடமான விடை. அந்த விடையால்தான் நெப்ராஸ்கா மாநிலமே என்னைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது.

வரவேற்பில் இருந்த பெண், "எங்கப்பா உங்க தீவிர ரசிகர் சார், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். பேனாவோடு வெகுநேரம் நின்றேன். கடைசியில் என் ஆட்டச் சட்டை எண்ணை எழுதினேன். பூரித்துப் போனாள், பைத்தியம்.

மேலே உன் பெயரைக் காணோமே என்று கோபிக்காதே. நானும் காலையிலிருந்து தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்,
44