விதியை மீறுவேன்

புதன், இரவு

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் இன்று ஆறாம் வகுப்புக்கு என் ஆய்வின் கேள்வித்தாளைக் கொடுத்தேன். தாங்கள் ஒழுங்குக்கு எவ்வளவு கட்டுப்படுகிறோம் என்று பிள்ளைகளே டிக் அடித்துச் சொல்ல வேண்டும்.

‘நான் விதியை மீறுவேன்’ என்ற வரிக்கு, முன்வரிசையில் இருந்த செல்வி ‘எப்போதும்’ கட்டத்தில் அழுத்தி டிக் போட்டிருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து நின்று கேட்ட பிள்ளை அவள்.

“நெசமாவா மீறுவ?” என்றேன்.

“ஆமா மிஸ். எங்கம்மா எதுக்கெடுத்தாலும் ‘எல்லாம் என் விதி’ன்னு அழுகும். நான் அப்படிக் கெடக்க மாட்டேன். மீறிருவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் வரும்போது அது நின்றுவிட்டது. ஆங்கிலக் கேள்வியைத் தமிழாக்கியவள் நான்தான். ‘விதி’ என்று எழுதியபோது பள்ளிக்கூடத்து விதி மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. சரிபார்த்தவர்களுக்கும் அப்படித்தான் போல.

இப்போது தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ‘ஒருபோதும் இல்லை’ கட்டத்தில் டிக் போட்டவர்களுக்கு முழு மதிப்பெண். அவர்களில் எத்தனை பேர் அடக்கமான பிள்ளைகள்? எத்தனை பேர் பதினோரு வயதிலேயே விதியென்று விட்டுவிட்டவர்கள்?