பின்சீட்டில் இரண்டு பழைய சக்கரம்

அன்புள்ள அம்மாடிக்கு,

இங்கே நான் சுகம், உன் சித்தி என்னைவிடக் கொஞ்சம் அதிகச் சுகம், உன் கார் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்பதை "நல்லா இருக்கேன்" என்ற இரண்டு வார்த்தைக்கு மேலே ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது உலகத்தில் ஒருவரும் நம்ப முடியாத கதை. நாலு வயதில் நீ இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சொன்ன கதைகளில் ஒன்றைக்கூட நீ நம்பியதில்லை, உன்னைப் பெற்ற என் அண்ணனும் இருந்தவரைக்கும் நம்பியதில்லை, ஆகையால் இது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் இடது கையைப் பேனாமேலும் வலது கையை நெஞ்சிலும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். எந்தக் கையால் எழுதினாய் என்று குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் காருக்கு நாலு சக்கரத்தையும் மாற்றிவிட்டேன். நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து, "சித்தப்பா, வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுங்க, ஆனா வேற எதையும் நோண்டாதீங்க, உங்க கை சும்மா இருக்காது" என்று சொன்னதை மூன்று வருஷமாக வேதவாக்காகக் காப்பாற்றி வந்தவன்தான் நான். ஆனால் நீ அந்தக் காரை வாங்கிய புதிதில், சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றதே, ஐந்து இதழ் விரிந்த மாதிரி வெள்ளி வீல் போட்டது, அதைப் பார்த்து, "நம்ம வண்டிக்கு இப்படி ஒரு செட் போட்டா எப்படி இருக்கும் சித்தப்பா" என்றாய். பச்சை விழுந்து பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து நம் இருவர் பரம்பரையையும் திட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தாய். போன மாசம் போனில், "லீவு கிடைச்சா இந்தத் தடவை கண்டிப்பா வரேன்" என்றாய் இல்லையா, அதில் "லீவு கிடைச்சா" என்பதை நான் காதில் வாங்கவில்லை. மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே டயர் கடைக்குப் போய்விட்டேன்.

டயர் கடைக்காரரை உனக்கு நினைவிருக்கும், தெருவே அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும், ஏனென்றால் அவர் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவசரப்பட்டதில்லை. ஒரு நட்டைக் கழற்ற ஆரம்பித்தால் அது துருப்பிடித்துத் தானே விழும்வரை காத்திருப்பார். காலையில் விட்ட வண்டியைச் சாயங்காலம் கொடுத்தார். அடேயப்பா, நீ பார்த்திருக்க வேண்டும். அந்த வீலில் வெயில் பட்டு எதிர்வீட்டுச் சுவரில் பெயின்ட் உரிந்தது. போக்குவரத்துக் காவலர் சல்யூட் அடித்தார், மந்திரி என்று நினைத்திருப்பார். பழைய சக்கரம் நாலையும், டயரோடு அப்படியே, உன் அறையில் ஜன்னலுக்குக் கீழே வரிசையாகச் சாய்த்து வைத்தேன். உன் சித்தி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பொண்ணு வந்தா எங்க படுப்பா, டயர் மேலயா?" என்றாள். அதற்கு அடுத்த வாரம்தான் நீ போன் செய்து, லீவு கஷ்டம் போல இருக்கு, பார்க்கலாம் சித்தப்பா என்றாய். நான் சரிம்மா, சரிம்மா, வேலையைப் பாரு என்றேன். வீலைப் பற்றி மூச்சு விடவில்லை.

கதை இங்கேதான் தொடங்குகிறது. புது வீல் போட்டு ஓட்டின முதல் நாளே, டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. சட்டிக்குள் ஆச்சரியக்குறியைப் போட்டு அடுப்பில் வைத்த மாதிரி. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது நீ சொன்ன விளக்கு. அங்கே குளிர் நாளில் தினமும் காலையில் உன் காரிலும் இப்படி ஒன்று எரிகிறது, பார்க்கப் பிடிக்காமல் மேலே ஒரு கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தாயே, அதே விளக்கு. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. டயரில் காற்றுக் குறைந்தால் எரிகிற விளக்காம் அது. பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்றைப் பார்த்தேன், நாலிலும் கச்சிதம். மறுபடி பார்த்தேன். நான் பார்த்துப் பார்த்துக் காற்றடித்ததில் அந்தப் பகுதியில் மூன்று நாள் மரத்தில் இலை அசையவில்லை, ஜனங்கள் மூச்சுக்குப் பக்கத்து ஊருக்குப் போய் வந்தார்கள். விளக்கு மட்டும் அணையவில்லை.

அவசரத்திடம் போனேன். அவர் டீ குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்து, கையைத் துடைத்த பிறகு சொன்னார். பழைய வீல் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும், காற்றடிக்கிற வால்வின் அடியில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார் இருக்கிறதாம். அதுதான் உள்ளே காற்று எவ்வளவு என்று வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். நான் வாங்கின வீல் வெளிக்கம்பெனி வீல், அதற்குள் ஒன்றுமே இல்லை. அட, பழசைக் கழற்றி இதில் மாட்டுய்யா என்றால், வால்வு ஓட்டை வேறே கோணத்தில் இருக்கு, உட்காராது, உட்கார்ந்தாலும் உரசி உடையும், புது சென்சார் வரவழைக்கணும், பத்துப் பதினைந்து நாளாகும் என்றார். அதுவரைக்கும்? "அதுவரைக்கும் எரியட்டும் அண்ணே, அதுக்கு என்ன வலிக்குதா?" என்றார். அதற்கு வலிக்கவில்லை, எனக்கு வலித்தது. நீ வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் முதலில் கண்ணில் படுவது அந்த மஞ்சள்தானே. "போட்டு நோண்டிட்டீங்களா சித்தப்பா" என்பாய். மூன்று வருஷம் கழித்து நீ நேரில் வாயைத் திறந்து சொல்கிற முதல் வார்த்தை அதுவாக இருக்க வேண்டுமா?

இதற்குள் உன் சித்தியின் தொல்லை தாங்காமல் பழைய சக்கரங்களை அவசரத்தின் கிடங்கிலேயே போட்டுவிடலாம் என்று காரில் ஏற்றினேன். இரண்டு டிக்கியில், இரண்டு பின்சீட்டில். பாதி தூரம் போவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது! நான் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். விஷயம் புரிந்ததா? வண்டி பழைய சென்சார்களின் குரலுக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவை பக்கத்தில் வந்து பேசியதும் கவலை தீர்ந்துவிட்டது. இந்த மகத்தான கண்டுபிடிப்புக்கு எனக்குச் சிலை வைக்க வேண்டாமா? கிடங்குக்குப் போகாமல் அப்படியே திரும்பி வந்தேன். அன்றிலிருந்து பதினோரு நாள் நாலு பழைய சக்கரமும் என்னோடு காரில் சவாரி. பின்சீட்டில் இருந்த இரண்டுக்கும் பெல்ட் போட்டேன். திருப்பத்தில் இடது பக்கத்தது சாய்ந்தால் வலது பக்கத்தது அதைத் தாங்கும், அப்படி ஒரு ஒற்றுமை நம் குடும்பத்தில்கூடக் கிடையாது. காய்கறிக் கடைக்குப் போய்விட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்த உன் சித்தி, "காய்க்கு இடமில்ல, சக்கரத்துக்குப் பெல்ட்டு. அதுங்களுக்கு வெயில் படுது பாருங்க, ஒரு தொப்பியும் வாங்கிப் போடுங்க" என்றாள். அடுத்த வாரம் அவளுக்குத் தெரியாமல் போட்டும் விட்டேன்.

இந்தப் பெருமையை அவசரத்திடம் சொல்லிக்கொள்ளப் போனதுதான் தப்பு. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரமாக எழுந்து வந்து, குனிந்து, ரோட்டில் நிற்கிற முன்சக்கரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "அண்ணே, ரோட்டுல உருளுற டயர் ஒண்ணு, வண்டிக்கு நல்லா இருக்கேன்னு சொல்றது வேற ஒண்ணு. பின்சீட்ல சும்மா உக்காந்திருக்கிற டயர்ல எப்பவும் காத்து சரியாத்தான் இருக்கும். கீழ ஓடுறது பஞ்சராகி நசுங்கினாலும் உங்க வண்டி நிம்மதியா போய்க்கிட்டே இருக்கும்ணே" என்றார்.

அம்மாடி, நான் கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் "நல்லா இருக்கேன் சித்தப்பா, சாப்பிட்டேன், தூங்கினேன்" என்று ஒரே குரலில் வருகிறதே, அது எந்தச் சக்கரம் பேசுகிறது என்று அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. போன வாரம் உன் குரல் ஜலதோஷம் மாதிரி இருந்தது. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய், நானும் சரி என்று வைத்துவிட்டேன். விளக்கு எரியாத வண்டி என்று நிம்மதியாகப் படுத்தும் விட்டேன். உன் சித்திதான் போனை மேஜைமேல் வைத்து, ரொம்ப நேரம் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

சரி, கதைக்கு வருகிறேன். புது சென்சார்கள் வந்தன. ஒவ்வொரு டயரையும் வீலிலிருந்து பிரித்து, உள்ளே மாட்டி, மறுபடி மூடினார் அவசரம். அப்புறமும் விளக்கு! என்னய்யா என்றால், மாட்டினால் மட்டும் போதாதாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, பழைய எண்ணை மறந்துவிட்டுப் புது எண்ணைக் கேள் என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். கையில் டிவி ரிமோட் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, முன்னால் இடது, முன்னால் வலது, பின்னால் வலது, பின்னால் இடது என்று வண்டியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு வால்வின் அருகிலும் காட்டினார். கடைசிச் சக்கரம் மட்டும் முரண்டு பிடித்தது. நான் குனிந்து அதன் காதில், வருகிறவள் யார் தெரியுமா என்று சொன்னேன், உடனே 'பீப்' என்றது. அதோடு முடியவில்லை. எங்கேயும் நிற்காமல், ஒரே வேகத்தில், இருபது நிமிஷம் ஓட்டினால்தான் வண்டி மனசில் பதியவைத்துக்கொள்ளுமாம். நம் தெருக்களில் இருபது நிமிஷம் நிற்காமல் ஓட்ட முடிகிற ரோடு எது? ஒன்றே ஒன்றுதான். விமான நிலைய ரோடு.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். வண்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் போகிறோம் என்று இருபது தடவை சொல்லியும் உன் சித்தி அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள், நீ அனுப்பினது, மடிப்புக்கூடக் கலையாதது. நான் கேட்கவில்லை. நானும் சவரம் செய்துகொண்டிருந்தேன், அவளும் கேட்கவில்லை. பதினெட்டாவது நிமிஷத்தில், வருகை என்று அம்புக்குறி போட்ட அந்தப் பெரிய பலகைக்குக் கீழே போகும்போது, விளக்கு அணைந்தது. வந்த வேலை முடிந்தது, திரும்பியிருக்கலாம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்றாள் சித்தி. வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பித் தடுப்புக்கு வெளியே போய் நின்றோம். மூன்று நாள் நின்றோம் அம்மாடி, அன்னம் தண்ணி இல்லாமல். நாற்பதாயிரம் பேர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள், அதில் முப்பதாயிரம் பேர் உன்னைப் போலவே நடந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர், யாருக்காக நிக்கிறீங்க என்று கேட்டார். பொண்ணுக்காக என்றேன். எந்த ஃபிளைட்டு என்றார். இன்னும் டிக்கெட் எடுக்கலை என்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார். அப்புறம் தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை உன் சித்தியிடம் நீட்டினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு லீவுக்காக யாரிடமும் போய்ச் சண்டை போடாதே. முடிந்தபோது வா. பழைய சக்கரங்களை அவசரமே எடுத்துக்கொண்டு போய்விட்டார், உன் கட்டிலில் புது விரிப்பு போட்டாயிற்று. அங்கே குளிர் காலையில் காற்று சுருங்குமாம், வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே காற்றைப் பார்க்கணும், ஓட்டிச் சூடான பிறகு பார்த்தால் பொய் சொல்லும். அந்தக் கறுப்பு டேப்பை இன்றைக்கே பிய்த்தெறி. காற்றுக் குறைந்திருந்தால் குறைந்திருக்கிறது என்று சொல், எனக்கும் சித்திக்கும் சொல், காற்றடிக்க நாங்கள் இருக்கிறோம். ஜலதோஷத்துக்கு வெந்நீர் குடி. காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அதில் ஒரு மாசத்தையாவது எங்களோடு இருக்க வேண்டும்.

உன் சித்தி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "ஒரு வரியாவது நிஜமா எழுதக் கூடாதா" என்கிறாள். நியாயம்தான். காவலர் சல்யூட் அடிக்கவில்லை, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பெயின்ட் முன்னாலேயே உரிந்திருந்தது. சக்கரத்துக்குத் தொப்பி வாங்கவில்லை, என்னுடையதைத்தான் போட்டேன். கடைசிச் சக்கரம் 'பீப்' என்றது அந்த ரிமோட்டுக்குப் பாட்டரி மாற்றிய பிறகுதான். நாற்பதாயிரம் பேர் இல்லை, மூன்று விமானம், ஒரு மணி பத்து நிமிஷம். ஆனால் நின்றோம் அம்மாடி, அது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டியும், அளப்பதில் சக்கரவர்த்தியுமான
உன் சித்தப்பா