கூரையில் மாமாவின் பெயர்

பிப்ரவரி 3

இனியனுக்கு ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அதற்கான தொட்டி இருப்பது கோயிலின் முன்மண்டபத்தில். போன ஞாயிறு அதன் கூரையிலிருந்து உள்ளங்கை அளவு காரை பெயர்ந்து விழுந்தது. அதன் கீழே என் பிள்ளையை நீட்ட வேண்டுமாம். அவனுக்கு உச்சிக்குழிகூட இன்னும் மூடவில்லை.

"ஒம் புருசனுக்கும் அங்கனதான் தண்ணி ஊத்துனாக. நசுங்கியா போனான்?" என்கிறார் அத்தை.

பிப்ரவரி 6

மண்டபத்தை இடித்து கான்கிரீட் போடப் போகிறார்கள். அப்பாடா. "நீ சிவில் படிச்சவ, ஒரு தடவ பாத்து எழுதிக் குடுத்துட்டா பங்குச் சாமியார் வேலையத் தொடங்கிருவாக" என்றார் என் வீட்டுக்காரர் ஆண்டனி ராஜ். இடிக்கச் சொல்லித்தான் எழுதப் போகிறேன்.

பிப்ரவரி 8

என்னால் எழுத முடியவில்லை.

தேக்கு உத்திரங்கள். அவற்றுக்கு நடுவே செங்கற்கள் சாய்வாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வெறும் சுண்ணாம்பில் நிற்கின்றன. ஒரு துண்டு கம்பி கிடையாது. கல்லூரியில் இதற்கு அரைப்பக்கம் இருந்தது. தேர்வுக்கு வராது என்று தள்ளிவிட்டோம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றேன்.

பிறகு மேலே ஏறினேன். எங்கள் ஊரில் திருவிழா உபயம் எடுக்கும் குடும்பம் மண்டபத்தின் மேல் ஒரு பூச்சு சிமெண்ட் போட்டு, ஈரத்திலேயே பெயர் எழுதும். உடைந்த ஓரத்தில் பார்த்தால் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக ஒரு சாண் உயரம். ஈரம் வெளியேற வழியில்லாமல் கீழே காரை ஊறி விழுகிறது. மேலே இவ்வளவு பாரம். இத்தனை பேர் பக்தியையும் அந்த மரம் சுமந்து நிற்கிறது.

மேல் அடுக்கில்: இஞ்ஞாசிமுத்து குடும்பத்தார். மாமா. அடுத்த வருஷமே தவறிவிட்டார்.

பிப்ரவரி 9

சிமெண்டை எடுத்தால் போதும், இடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அத்தை சாப்பிடவில்லை.

"மொத்தமா இடிச்சாக்கூட மனசு ஆறும். மருமக சொல்லி மாமனார் பேரக் கொத்துறத எந்த ஊர்ல பாத்திருக்காக?"

பிப்ரவரி 10

என் கணக்கு தப்பினால்? பேரும் போய், கூரையும் போய் — யாராவது கீழே இருந்தால்? பேசாமல் இடிக்கச் சொல்லியிருக்கலாமோ.

பிப்ரவரி 16

அத்தையை மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். நடுவில் வளைந்திருக்கும் உத்திரத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுவா இம்புட்டையும் சொமக்குது?"

வீட்டுப் படியேறும்போது சொன்னார்: "அவுக பேரு இருக்க துண்ட மட்டும் ஒடையாம எறக்கச் சொல்லு, ஆத்தா."

மார்ச் 3

உத்திரங்களுக்குக் கீழே சவுக்குக் கட்டைகளை முட்டாக இறுக்கிக் கொடுத்துவிட்டு, மெஷின் வைக்காமல் உளியால் கொத்துகிறார்கள். கொத்தனார் பலவேசம் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்த்தார். போகவில்லை.

மார்ச் 7

எப்படி எழுதுவது.

காலையில் அசைக்கவே முடியாத நடு முட்டு, கடைசிச் சிமெண்டும் இறங்கியபின் என் கை பட்டதும் ஆடியது. உத்திரத்துக்கும் அதற்கும் நடுவே இடைவெளி. பாரம் போனதும் மரம் எழும்பியிருக்கிறது. தானாக. வெட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆன மரம்.

பலவேசம் அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 9

பெயர் உள்ள துண்டு உடையாமல் வந்துவிட்டது. அத்தை அதைக் குழாயடியில் துவைக்கிற கல்லாகப் போட்டுக்கொண்டார். ஆண்டனி ராஜ் பதறிவிட்டார்: "அப்பா பேரு மேலயாம்மா துவைப்ப?"

"உசுரோட இருந்தப்ப ஒரு துண்டக்கூட அலசுனதில்ல மனுசன். இப்பச் செய்யட்டும்."

மார்ச் 21

மேலே சுண்ணாம்புத் தளம் மட்டும் போட்டாயிற்று. இனி யாரும் அங்கே பெயர் எழுதக்கூடாது என்று சாமியார் பூசையில் அறிவித்தார். சிலர் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 12

தண்ணீர் ஊற்றும்போது இனியன் ஊரே கேட்கும்படி கத்தினான். எல்லாரும் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். அவனுக்குப் பசி. மண்டபத்தின் நட்டநடுவில், தரையிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன்.

அத்தை வாசலில் வந்து, "பந்தி போட்டாச்சு, வா" என்றார்.

"நீங்க போங்கத்தை. இவன் தூங்கிட்டான். கொஞ்ச நேரம் இங்கனயே இருக்கோம்."