தூத்துக்குடி சேர்ந்த படகு

அன்புள்ள சொர்ணத்துக்கு,

புதுச்சேரியில் வாங்கிய பாய்மரப் படகைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். படகுக்குச் சேதமில்லை.

கோடியக்கரையைத் தாண்டியதும் மூன்று பேர் வேறொரு படகில் வந்து, அரிவாளோடு எங்கள் படகில் ஏறினார்கள். ஒருவன் உன் அண்ணனைத் தோளில் வெட்டினான். கொளுத்திப் பார்க்கலாமென்று நம் பட்டாசுக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ராக்கெட்டைப் பற்றவைத்து, அவன் முகத்துக்கு நேரே விட்டேன். அலறிக்கொண்டு கடலில் விழுந்தான். மற்ற இருவரும் வந்த படகிலேயே தப்பி ஓடிவிட்டார்கள்.

"மாப்ளே, அவனைத் தூக்குங்க, செத்துருவான்!" என்று ரத்தம் ஒழுகக் கத்தியது உன் அண்ணன்தான்.

அவனைத் தூக்கிப் படகில் போட்டுவந்து, அண்ணனோடு இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். அண்ணன் பிழைத்துக்கொள்வார். வெட்டியவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது.

நீ வரும்போது குழந்தை கீர்த்திகாவை அழைத்து வராதே. "அண்ணே, போயிராதீங்க" என்று அவன் என் இடது கையை விடாமல் பிடித்திருக்கிறான். யாருடைய கை என்று அவனுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்