சுவரோரம் நின்ற மாணவி

கோரின்,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மருத்துவக் கல்லூரியில் புது மாணவர்களுக்கு டாக்டரின் வெள்ளை அங்கி அணிவிக்கும் விழாவுக்கு வந்து, உன் தோளில் அங்கியைப் போடச் சொல்லி அழைத்திருக்கிறாய். வரமாட்டேன்.

மருத்துவப் படிப்பில் சேர ஆஸ்பத்திரி அனுபவம் வேண்டுமென்று, கல்லூரி நாட்களில் டாக்டர் ஹால்வர்சன் பின்னால் வார்டு வார்டாகப் போனாயே, அப்படி ஒரு காலையில் நம் அம்மாவின் அறைக்கும் அவரோடு வந்தாய். அன்றுதான் அவளை அந்த வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். சொந்தக்காரர் படுத்திருக்கும் அறைக்குள் மாணவர்களை விடமாட்டார்கள். அவள் உன் அம்மா என்று சொன்னால் டாக்டர் வெளியே அனுப்பிவிடுவார் என்று பயந்து நீ சொல்லவில்லை. அம்மாவின் குடும்பப் பெயர் வேறு என்பதால் அவருக்கும் தெரியவில்லை.

அம்மா உன்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் அசையாமல் நின்றாய். அவளுக்குப் புரிந்துவிட்டது. நீட்டிய கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உன் பேரென்னம்மா?"

"கோரின், மேடம்."

"டாக்டர், இந்தப் பொண்ண ரொம்ப மிரட்டாதீங்க, மூஞ்சியே வெளுத்துப் போச்சு. காலைல ஏதாவது சாப்பிட்டியா கண்ணு?"

டாக்டர் சிரித்தார். கட்டிலருகே உட்கார்ந்திருந்த நான் வாய் திறக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

சாயங்காலம் நீ மகளாக வருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. பிறகு திரும்பவில்லை. உன்னிடம் அவள் கடைசியாகப் பேசியது, முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுவதுபோலத்தான்.

கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன். யாருடைய கடிதம் என்று உன் அறைத்தோழி கேட்பாள். இந்த முறையாவது நீயே சொல்.