ஆறு மோட்டார், பத்து லிட்டர்

ஜனவரி 6, திங்கள்

பக்கத்துப் பாத்திரப் பட்டறையில் தட்டல் தொடங்கும் முன்பே கணக்கு முடிந்துவிட்டது. வெள்ளகோவில் தாண்டி ஓர் ஊரில் கோயில் கும்பாபிஷேகம். கோபுரத்தில் தீர்த்தம் ஊற்றும் நேரத்தில் கூட்டத்தின் மேலும் தெளிக்க ட்ரோன் வேண்டுமாம். ஐந்து லிட்டர் தண்ணீரோடு பதினெட்டு கிலோ. ஆறு மோட்டார்; ஆளுக்கு மூன்று கிலோ. நான் தேர்ந்தெடுத்தது ஆறரை கிலோ வரை தூக்கும். பாதி உழைப்புதான். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு இன்று நிம்மதி.

ஆர்டர் பிடிப்பதும் பறக்கவிடுவதும் தம்பி கந்தவேல். மோட்டார் என் பொறுப்பு.

ஜனவரி 17, வெள்ளி

கமிட்டித் தலைவர் கிட்டுசாமி வந்தார். "ஏனுங்கம்மிணி, அஞ்சு லிட்டரு பத்தாதுங்க. சனம் ஐயாயிரத்துக்குக் கொறையாது. பத்தாச்சும் வேணுங்க."

கந்தவேல் என் பக்கம் திரும்பவே இல்லை. "பண்ணிர்லாமுங்க" என்றுவிட்டான்.

பெரிய டேங்கோடு இருபத்துநாலு கிலோ. தூக்கும், அதுவல்ல கேள்வி. ஒரு மோட்டார் நின்றுபோனால்? கவிழாமல் இருக்க அதற்கு எதிரில் இருப்பதையும் தளர்த்தியாக வேண்டும். மீதி நாலும்தான் தாங்கணும் — ஆளுக்கு ஆறு கிலோ. ஆறரைதான் உச்சம், அதுவும் பேட்டரி நிறைந்திருந்தால். கீழே ஐயாயிரம் பேர்.

ஜனவரி 20, திங்கள்

பெரிய மோட்டார் வர ஆறு வாரம் ஆகுமாம். கும்பாபிஷேகம் பிப்ரவரி பத்து.

ஜனவரி 29, புதன்

ஊத்துக்குளி ரோட்டில் ஒரு காலி நிலத்தில் பத்து லிட்டரோடு சோதித்தோம். கந்தவேல் ஐந்து நிமிடம் அந்தரத்தில் நிறுத்தினான். இறங்கியதும் ஒவ்வொன்றாகச் சூடு பார்த்தேன். ஐந்து மோட்டார் எண்பது டிகிரிக்குப் பக்கம். நாலாவது தொண்ணூற்றாறு. குனிந்து மோந்தேன். லேசான கருகல் வாடை. எட்டு வருஷம் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மோட்டார் பார்த்தவள் நான். அந்த வாடை எனக்குத் தப்பாது.

"வெயிலுங்க்கா."

"நாலாவது மேல மட்டுமா வெயிலடிச்சுது?"

பேட்டரியைக் கழற்றினான்.

பிப்ரவரி 3, திங்கள்

நாலாவதை மாற்றிப் புதிது போட்டேன். இன்று இரண்டாவது கொதிக்கிறது, அதுவும் தொண்ணூற்றாறு.

பிப்ரவரி 5, புதன்

கமிட்டிக்குச் சோதனை அறிக்கை தரணும். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். கந்தவேல் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "ஊர் பூரா பேனர் வெச்சுட்டாங்க்கா. நாலே நிமிசம். நாந்தானுங்க ஓட்டறேன்?" கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

அதிகபட்சச் சூடு எழுபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நானா? என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன் கலை, ஏன் இப்படிப் பண்ணுனே?

ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூட்டத்துக்கு நேர்மேலே போகக்கூடாது. தெற்கு மைதானத்தைக் கயிறு கட்டிக் காலியாக வைத்து, அதன் ஓரத்திலிருந்தே தெளிக்கணும். சரி என்றான். சட்டென்று சரி என்றான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கயிறு கட்டியாச்சு. சனங்கள் உள்ளேயே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். "எந்திரிங்க" என்றால், "இங்கதானுங்க தீர்த்தம் விழும்?" என்று ஓர் அம்மா சிரிக்கிறார். எழுப்பி அனுப்பினேன். திரும்பிப் பார்த்தால் வேறு நாலு பேர்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

காலையில் போலீஸ்காரர்கள் கயிற்றுக்குள் இருந்தவர்களை வெளியேற்றிவிட்டார்கள். உள்ளே கந்தவேல் மட்டும். இரண்டு நிமிடம் சொன்னபடியே ஓரத்தில் தெளித்தான். தண்ணீர் எட்டாத பக்கம் சனம் கையைத் தூக்கிக் கூப்பிட்டது. கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்கு மேலே கொண்டுபோனான். "வேண்டாண்டா" என்று கத்தினேன். மேளத்தில் எனக்கே கேட்கவில்லை.

ட்ரோன் சத்தம் மாறியது. ஒரு விசிறி நின்றுவிட்டது. சாய்ந்தபடி இறங்கத் தொடங்கியது. கீழே எல்லாரும் அண்ணாந்து நிற்கிறார்கள், தோளில் குழந்தைகளோடு. சிரிக்கிறார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கந்தவேல் அதைத் தன்னை நோக்கி இழுத்தான். கயிறு வரைக்கும் வந்தது. கயிறு தாண்டி உள்ளே வந்தது. ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் திரும்பவும் கூட்டத்துப் பக்கம் சாயும் — அது அவனுக்குத் தெரியும். தன் மேலேயே விழும்வரை அதை விடவில்லை.

அவனுக்கு வலது கையில் இரண்டு விரல் போச்சு. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கிட்டுசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அறிக்கையில் எழுதியது பொய், உண்மையில் தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டேன். "எம் பேத்தி அந்தக் கூட்டத்துலதானுங்க நின்னா." அவ்வளவுதான். வாங்கிவந்த பழத்தை வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 8, சனி

காங்கேயம் பக்கத்துக் கோயில்காரர்கள் போன வாரம் பத்து லிட்டர் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டோம். இன்று மனசு கேட்காமல் நானே போன் செய்தேன். வேறு யாரோ ஒத்துக்கொண்டார்களாம்.

"என்ன மோட்டாருன்னு கேட்டீங்களா?"

"அதெல்லாந் தெரியாதுங்கம்மிணி. கூட்டத்து மேலயே சுத்தி வரும்னு சொல்லியிருக்காங்க."

கும்பாபிஷேகம் நாளைக் காலை.

கந்தவேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கார் சாவியைத் தேடி எடுத்து வெளியே வந்தபோது, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டாத காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான்.