மச்சாள் பார்க்கச் சொன்ன கொரிய நாடகம்

பீல், சுவிஸ்
12.11.2025

அன்புள்ள சிவகலா மச்சாளுக்கு,

நானும் மகள் யாதவியும் நல்ல சுகம். கோப்பாயில் மழை விடவில்லை என்றீர்கள். இந்தக் குளிருக்கு உங்கள் முழங்கால் நோவு எப்படியோ என்று யோசனையாக இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் போனில் கதைக்கிற எங்களுக்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். மூன்று முறை சொல்ல வெளிக்கிட்டு, மூன்று முறையும் நாடகத்தைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். யாதவியின் சிநேகிதி ஹரிஷா வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்து விடுகிறேன்.

முதலில் நாடகம். நேற்றுப் பதினாறாவது பகுதியையும் பார்த்து முடித்தேன். நீங்கள் சொல்லாவிட்டால் கொரிய நாடகத்தின் பக்கமே போயிருக்க மாட்டேன். குரல் மாற்றிப் போட்டதில் அவர்கள் தமிழ்நாட்டுத் தமிழில் சண்டை பிடிப்பது முதலில் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் பகுதியில் அதுவும் மறந்துபோயிற்று. ஒரே கந்தோரில் எதிரெதிர் மேசை. அவள் எழுதிக் கொடுப்பதையெல்லாம் அவன் சிவப்புப் பேனையால் கீறித் திருப்பி அனுப்புகிறான். அவள் அவனுடைய கோப்பிக்குள் உப்பைப் போடுகிறாள். அவன் முகம் மாறாமல் முழுவதையும் குடித்துவிட்டு எழும்பிப் போகிறானே, அந்த இடத்தில் தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன்.

எனக்குப் பிடித்தது அவர்கள் எதையும் அவசரப்படுத்தாததுதான். ஒன்பதாம் பகுதி வரைக்கும் ஒருவரின் கைகூட மற்றவரில் படவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று கந்தோரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிகிறது. ஏனென்றால் அன்றைக்கு அவள் திருப்பிச் சண்டைக்கு வரவில்லை. எவ்வளவு வடிவாக எழுதியிருக்கிறார்கள், மச்சாள். எழுதியவர் கட்டாயம் எங்கேயாவது வருடக்கணக்காக வேலை செய்தவராகத்தான் இருப்பார். ஒருவரோடு சண்டை பிடிப்பதற்கு அவரை எவ்வளவு கவனிக்க வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கும் அது தெரியும். லக்ஷ்மணனைப் பற்றி உங்களிடம் எத்தனை தரம் குறை சொல்லியிருப்பேன். எங்கள் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பூட்டுவது நான், பூட்டியதைச் சோதிப்பது அவர். மூன்று வருடமாக, நான் முள் பூட்டி அடுக்கிக் கொடுக்கிற தட்டுகளைத் திருப்பி அனுப்பிய மனிசன். ஒரு தூசியைக்கூட விடமாட்டார். தமிழனுக்குத் தமிழனே இப்படிச் செய்கிறானே என்று உங்களிடம் அழுதேன். நீங்களும் எனக்காக அவரை நன்றாகத் திட்டினீர்கள்.

மாசி மாதம் நடந்ததை மட்டும் நான் சொல்லவில்லை. கடைகளுக்குப் போன இருநூறு மணிக்கூடுகள் முகப்பில் கீறலோடு திரும்பி வந்தன. முள் பூட்டியவளின் பிழைதான் என்று செஃப், எங்கள் மேலதிகாரி, எல்லோருக்கும் முன்னால் சொன்னார். இனி எனக்கு அங்கே வேலையில்லை என்றுதான் நினைத்தேன். லக்ஷ்மணன் உள்ளுக்குள் சிரிப்பார் என்றும் நினைத்தேன். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகாமல் இருநூறையும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். எல்லாக் கீறலும் ஒரே இடத்தில். கண்ணாடி மூடுகிற மெசினால் வந்தது. செஃப்பிடம் போய்ப் பிரெஞ்சில் சொன்னார்: "மூன்று வருடமாக இவரின் வேலையில் பிழை தேடுகிறவன் நான். இவரின் கை இப்படிக் கீறாது."

பின்னேரம் பஸ் தரிப்பில் நின்றபோது, அப்படியானால் ஏன் என் தட்டுகளைத் திருப்பித் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். சைக்கிளை விட்டு இறங்கிச் சொன்னார்:

"உங்கட தட்டைத்தான் நான் கடைசியா எடுத்துப் பார்க்கிறனான். அவ்வளவு வடிவான வேலை. அதில ஒரு தூசி கிடந்தாலும் விட எனக்கு மனம் வராது."

அன்றிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் என்னோடு நடந்து வருவார். தட்டுகளை இப்போதும் திருப்பி அனுப்புகிறார், அதில் மாற்றமில்லை. வயது ஐம்பத்திரண்டு. அகதியாக வந்து, சகோதரிகளைக் கரைசேர்த்து முடிக்க, தன் கலியாணத்துக்கு வயது போய்விட்டது. ஆவணிக் கடைசியில், சேர்ந்து வாழ எனக்கு விருப்பமோ என்று கேட்டார். மச்சாளைக் கேட்காமல் நான் சொல்லமாட்டேன் என்றேன். "ஓம், அவவைக் கேட்காமல் வேண்டாம்" என்றார்.

யாதவிக்குத் தெரியும். அப்பாவின் படம் சுவரில் இருக்குமோ என்று மட்டும் கேட்டாள். அது இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்று அவரே அவளுக்குச் சொன்னார். போன மாதம் உங்கள் தம்பியின் ஆறாம் ஆண்டுத் திவசத்துக்குப் பேர்ண் கோயிலுக்கும் வந்தார். பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு, பந்தியில் இருக்காமல் போய்விட்டார்.

பன்னிரண்டாம் பகுதியில் அந்தப் பிள்ளை அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனபோது, இவளுக்கென்ன விசரோ என்று போனில் பேசினீர்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு கனநேரம் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவள் சின்னப் பிள்ளை, எனக்கு நாற்பத்தெட்டு. அது நாடகம், இது குடும்பம் என்று எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் உங்களுக்குப் பொய் எழுதக்கூடாது. எனக்கு விருப்பம், மச்சாள்.

உங்கள் தம்பியை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அவர் இருந்த இடத்தில் இன்னொருவரை வைக்கப் போகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கந்தசுவாமியார் உங்களுக்கு நோய் நொடியில்லாத சுகத்தைத் தரவேண்டும் என்று கும்பிடுகிறேன். தை மாத லீவுக்கு ஊருக்கு வர இருக்கிறேன். தனியே வருவதோ, இரண்டு பேராக வருவதோ, நீங்கள் சொல்வதுபோல. எப்படி வந்தாலும் உங்கள் வீட்டிலேயே என்னைத் தங்க விடுங்கள். ஊரில் வேறு வீட்டில் போய் நிற்க எனக்குத் தெரியாது.

என்றும் உங்கள் மச்சாள்,
சிவமலர்